ஸ்க்விடின் கடைசி வரி

அலுவலக வலையமைப்புக்கு ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி சர்வரை, அதாவது கணினிகளுக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் இடைத்தரகு மென்பொருளை, நிறுவி 3128 என்ற போர்ட்டில் (இணைப்புக்கான வாசல் எண்) இயங்கவிட்டது அரை மணி நேர வேலைதான். எதை விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்லும் அனுமதி விதிகளை வரிசைப்படுத்தத்தான் இரண்டு நாள்கள் ஆயின. ஸ்க்விட் விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். எதுவுமே பொருந்தாவிட்டால் கடைசி விதிக்கு நேர்மாறானதைச் செய்யும் என்பதால், ஒரேயொரு தளத்தைத் தடுக்கும் வரியோடு நான் முடித்திருந்த பட்டியல், மற்ற எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்தே வைத்திருந்தது. அனைத்தையும் மறுக்கும் வரியை இறுதியில் சேர்த்த பிறகே சரியாயிற்று. ப்ராக்ஸியைத் தவிர வேறெந்தக் கணினியும் நேரடியாக இணையத்துக்குச் செல்லாதபடி, வலையமைப்பின் காவல் அரணான ஃபயர்வாலிலும் அடைத்தேன். இல்லையெனில் ப்ரௌசர் அமைப்பை மாற்றத் தெரிந்த எவரும் சுற்றிக்கொண்டு போய்விடுவார். மறையாக்கப்பட்ட போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் வசதியை வேண்டுமென்றே தொடவில்லை. சக ஊழியரின் வங்கிக் கடவுச்சொல் என் சர்வரில் வெளிப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை.