பனியன் ஊரில் ஃபேஷன் டிசைன் படிப்பது

சஸ்டெயினபிள் டிசைன் பேப்பரின் முதல் வகுப்பில் மேடம் ஒரு கேள்வி போட்டார். ஒரு டி-ஷர்ட்டால் மண்ணுக்கும் தண்ணிக்கும் வருகிற கேடு எந்தக் கட்டத்தில் முடிவாகிறது? வகுப்பில் பாதிப் பேர் திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கம். எல்லாரும் ஒரே குரலில் "டையிங்" என்றோம், அதாவது சாயம் போடும்போது. சாயத்தண்ணி ஓடிய நொய்யல் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் வேறென்ன பதில் வரும்? கோபியிலிருந்து வருகிற ஒருத்தி மட்டும், "பருத்திக் காட்டுலயே மேடம், மருந்தடிக்கறப்ப" என்றாள். மேடம் இரண்டையும் கேட்டுவிட்டு, "சரி, என்ன கலர்னு சொன்னது யாரு? என்ன துணின்னு சொன்னது யாரு?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. "டிசைனர்தானே?"

சாமர்த்தியமான வாத்தியார் பேச்சு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இப்போது கடைசி செமஸ்டர் முடியப்போகிறது. இந்தப் படிப்பில் உருப்படியாகக் கற்றுக்கொண்ட எல்லாமே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வந்திருக்கிறது.

நான் படிப்பது பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன். கோயமுத்தூர்ப் பக்கத்தில் சி.டி.எஃப். என்றால்தான் தெரியும். என் பெரியம்மாவுக்கு அதுவும் தெரியாது. மூன்று வருடமாக ஜாக்கெட் துணியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். அப்பா ரொம்ப நாள் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டியவர், இப்போது பவர் டேபிள் என்கிற தையல் மெஷின்கள் வைத்து ஜாப் ஒர்க் எடுக்கிறார். அதனால் துணி எனக்குப் புதிது இல்லை. துணிக்கு முன்னாலும் பின்னாலும் நடப்பதுதான் புதிது.

கறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் ஸ்கெட்ச் போடச் சொன்னால் பாதிப் பேர் கறுப்பில்தான் போடுவோம், ஸ்டைலாக இருக்கும். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். வெளிர் நிறத்துக்கு லிட்டருக்கு 20, 30 கிராம் போதும். கறுப்பு, நேவி மாதிரி அடர் நிறங்களுக்கு 80 கிராம் வரைகூடப் போகும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. சாயத்தை நூலுக்குள் தள்ளிவிட்டுத் தண்ணியோடு வெளியே வந்துவிடும். சாயமும் முழுசாக ஒட்டாது. ஒட்டாத மிச்சத்தைக் கொதிக்கிற சோப்புத் தண்ணியில் அலசி எடுக்க வேண்டும். லேபில் டர்காய்ஸ் நீலம் போட்டவர்களுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். உள்ளங்கை அளவு துணிதான் பீக்கரில் கிடக்கும். மாற்றி மாற்றி அலசினாலும் தண்ணி தெளியாது. சிங்க்கில் ஊற்றும்போது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும்.

இந்த உப்புதான் எங்கள் ஊரின் கதை. நிறத்தையாவது பாக்டீரியாவை வைத்தோ ஓசோனை வைத்தோ எடுக்கலாம். கரைந்த உப்பு அதற்கெல்லாம் மசியாது. 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணி வந்து தேங்கியது. ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எனக்கு அப்போது சின்ன வயது. துணி வரவில்லை என்று அம்மா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அம்மா வீட்டில் இருக்கிறாளே என்று எனக்குச் சந்தோஷம்.

இன்று கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்பது விதி, ஜீரோ டிஸ்சார்ஜ். இன்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். முதலில் பாக்டீரியாத் தொட்டி, பிறகு ஆர்.ஓ., அதில் தங்கும் உப்புத் தண்ணியைக் காய்ச்ச எவாப்பரேட்டர். நல்ல தண்ணி பட்டறைக்கே திரும்பிப் போகிறது, உப்பிலும் ஒரு பகுதி திரும்பிப் போகிறது. மனசார மெச்ச வேண்டிய வேலை. ஆனால் தண்ணியை ஆவியாக்கக் கொதிகலன் எரிய வேண்டும், கரண்டு ஓட வேண்டும். எதற்கும் உதவாத கலப்பு உப்பு ஷெட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. எவாப்பரேட்டர் பக்கம் நின்றபோது அடித்த அனலில் எனக்கு என் கறுப்பு ஸ்கெட்ச்கள்தான் ஞாபகம் வந்தன.

உடனே "அப்ப இயற்கைச் சாயம் போடலாமே" என்பார்கள். போட்டோம். கடுக்காயில் ஊறவைத்து, படிகாரம் கொடுத்து, மஞ்சிட்டி வேரில் ஒரு சிவப்பு எடுத்தேன், கண்ணை எடுக்க முடியாத சிவப்பு. மஞ்சளில் போட்டது வெயிலில் காயவைத்த இடத்திலேயே வெளிற ஆரம்பித்துவிட்டது. மஞ்சளுக்கு வெளிச்சத்தைத் தாங்கும் சக்தி அவ்வளவுதான். ஒரு கிலோ துணிக்கு அநேகமாக அதே அளவு வேரோ தோலோ வேண்டியிருக்கும் சமயங்களும் உண்டு. கைத்தறிச் சேலைக்கு இது பொருந்தும், நீலம் தருகிற அவுரிக்கு நான் ரசிகை. கன்டெய்னர் கணக்கில் போகிற டி-ஷர்ட்டுக்கு இதைத் தீர்வு என்று போஸ்டரில் போடுகிறவர்கள் ஒரு முறையாவது மஞ்சிட்டி வாங்கிப் பார்க்க வேண்டும்.

பழைய பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி எடுக்கிற பாலியஸ்டர் மேலும் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. பாட்டிலைத் திரும்பப் பாட்டிலாக்கலாம். அதை நூலாக்கிப் பருத்தியோடு கலந்துவிட்டால் பிறகு பிரித்தெடுக்கப் பெரும்பாடு.

இனி கட்டிங். என் கடைசி புராஜெக்ட்டே இதுதான். குழந்தைகளுக்கான ஒரு கவுன், வெட்டினால் மிச்சம் விழக்கூடாது. டிமோ ரிஸ்ஸனென், ஹாலி மெக்குவில்லன் மாதிரி டிசைனர்கள் இந்த ஜீரோ வேஸ்ட் பேட்டர்னை ஒரு துறையாகவே வளர்த்திருக்கிறார்கள். அவர்கள் காட்டும் உதாரணங்களில் ஜப்பானிய உடையான கிமோனோ கட்டாயம் இருக்கும். நமக்குச் சேலையும் வேட்டியும் இருக்கின்றன, வெட்டவே வேண்டாம். ஆனால் தறித்துணியில் சுலபமாக வருவது நிட் துணியில், அதாவது பின்னல் துணியில், வராது. டி-ஷர்ட்டுக்குப் போடும் சிங்கிள் ஜெர்சியை வெட்டியதுமே ஓரம் சுருண்டுகொள்ளும். துவைத்தால் சுருங்கும். நூல் முறுக்கால் துணியே திருகி, பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் வந்து நிற்கும்.

அப்பாவுக்குத் தெரிந்த ஒரு கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் அண்ணாவிடம் என் முதல் பேட்டர்னைக் கொண்டுபோனேன். மேஜையில் விரித்தார். கழுத்து வளைவின்மேல் விரலை வைத்தார்.

"ஏன் அம்மிணி, நெக்கை இவ்வளவு எறக்கியிருக்கியே, உள்ள வர்ற துண்டு எங்க போகும்?"

"வேஸ்ட்டுக்குத்தானுங்ணா."

"வேஸ்ட்டையும் நூலு விலை, சாயக்கூலி எல்லாம் குடுத்துத்தானே வாங்கறோம்? ஒரு லேயர்ல ஒரு துண்டு. நூறு லேயர் போட்டா?"

கம்பெனிக்கு ஒரு உடுப்பின் அடக்க விலையில் பாதிக்குமேல் துணி விலைதான். வெட்ட வேண்டிய துண்டுகளைத் துணி அகலத்தில் அடுக்கிப் போடும் வரைபடம்தான் மார்க்கர். அதில் துணியின் 85 சதவீதம் துண்டுகளாக வந்தால் இங்கே நல்ல மார்க்கர் என்பார்கள். ஒரு சதவீதம் கூட்டக் கம்ப்யூட்டரில் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்ப்பார்கள். ஆனால் துண்டின் வடிவத்தைத் தொட அவர்களுக்கு உரிமை கிடையாது. அது ஆர்டர் கொடுக்கும் பையர் அனுப்பிய டெக் பேக்கில், அதாவது அளவும் வடிவமும் எழுதிய ஃபைலில், ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. கை வளைவு அப்படித்தான், நெக் ஆழம் அப்படித்தான். மிச்சம் விழும் இடத்தை அறிந்தவர் ஒருவர், வளைவை மாற்றும் அதிகாரம் உள்ளவர் இன்னொருவர். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் பெரிய கோளாறு இதுதான்.

கையை நேர்கோட்டில் வெட்டி, கக்கத்தில் சின்னச் சதுரத் துண்டு வைத்துத் தைக்கலாம் என்று அண்ணா சொன்னார். பழைய ஜிப்பாக்களில் பார்த்திருப்பீர்கள், கை தூக்கினால் இழுக்காது. நெக்கிலிருந்து விழும் துண்டு பாக்கெட் ஆனது. ஓரப்பட்டிகள் சேர்ந்து கீழ்ச் சுருக்கு ஆனது. ஒரு சைஸுக்கு மார்க்கர் காகிதத்தில் அநேகமாக இடைவெளியே இல்லை. இதை அடுத்த சைஸுக்குக் கொண்டுபோனதும் எல்லாம் கலைந்தது. 2-3 வயதுக்கு ஒன்றோடொன்று பொருந்திய துண்டுகள் 4-5 வயதுக்கு வளர்ந்ததும் பொருந்த மறுத்தன, துணி அகலம் வளரவில்லையே. கடைசியில் அகலத்தை எல்லா சைஸுக்கும் ஒன்றாக வைத்து நீளத்தை மட்டும் கூட்டினோம், வித்தியாசத்தைச் சுருக்கு வாங்கிக்கொண்டது. வளருகிற குழந்தைக்கு அது வசதியும்கூட.

இந்த வேலையின் நடுவில்தான் நம் பழைய கை வைக்காத பனியனைப் புதிதாகப் பார்த்தேன். உடம்பு அளவுக்கே குழாயாகப் பின்னிய துணி. பக்கத் தையல் கிடையாது. கழுத்திலும் கைக்குழியிலும் மட்டும்தான் வெட்டு. என்ன, ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு டயாவில், அதாவது ஒரு விட்டத்தில், மெஷின் வேண்டும். எக்ஸ்போர்ட்டில் ஆர்டருக்கு ஆர்டர் சைஸ் மாறுவதால், துணியை விரித்து அடுக்கி வெட்டுவதுதான் அவர்களுக்குச் சௌகரியம். தாத்தா போட்ட பனியனை வகுப்பில் ஜீரோ வேஸ்ட்டுக்கு உதாரணமாக யாரும் காட்டியதில்லை. என் ஃபைலில் முதல் பக்கமே அதுதான்.

விழுகிற மிச்சம் வீணாகப் போகிறது என்றும் நினைக்க வேண்டாம். பனியன் வேஸ்ட் எங்கள் ஊரில் தனி வியாபாரம். வெள்ளைக்கு நல்ல விலை, கலருக்குக் குறைவு, இழுபடும் இழையான லைக்ரா கலந்ததை அரை மனசோடு எடுப்பார்கள். கொஞ்சம் மெக்கானிக் கடைக்குக் கை துடைக்கப் போகும். மற்றது பிய்த்துப் பஞ்சாகி ஓ.இ. (ஓபன் எண்ட்) நூல் மில்லில் மறுபடி நூலாகும். கலர் வாரியாகப் பிரித்துப் போட்டால் நூல் அதே கலரில் வரும், மறுபடி சாயம் போட வேண்டியதே இல்லை. ஒரு சொட்டு உப்புத் தண்ணிகூட வராது. ஆனால் இழை குட்டையாகிவிடுவதால் மெல்லிய ஜெர்சி வராது, தடித்த துணிதான். அந்தப் பிரிக்கும் வேலையைத் தரையில் உட்கார்ந்து கையால் செய்பவர்கள் பெண்கள். டிசைனர் ஸ்கெட்ச்சில் 5 சதவீதம் எலாஸ்டேன் (லைக்ராதான்) என்று எழுதும்போது இந்த மூட்டையின் விலையும் அங்கேயே இறங்கிவிடுகிறது.

என் கவுனை ஓ.இ. நூலில் பின்னிய மங்கிய பச்சைத் துணியில் தைத்தேன். தையல் நூலும் பருத்தி. பாலியஸ்டர் நூல் போட்டிருந்தால் பின்னாளில் பிய்க்கிறவர்களுக்கு அதை உருவுவது தனி வேலை. புராஜெக்ட்டுக்கு மார்க் போடும் ஜூரியில் வெளியிலிருந்து வந்தவர் ஹேங்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீட்டா இருக்கு, ஆனா இதுல டிசைன் எங்கம்மா?" என்றார். நான் மார்க்கர் காகிதத்தை விரித்துக் காட்டினேன். அரைகுறையாகத் தலையாட்டினார். பக்கத்து மேஜையில் சணல், சிப்பி, தேங்காய்நார் எல்லாம் தொங்கவிட்ட ராம்ப் கவுனுக்கு மார்க் என்னைவிடக் கூட. வயிற்றெரிச்சல் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிளஸ் டூ முடித்த தங்கச்சிகள் சிலர் எந்தக் காலேஜில் சேரலாம் என்று கேட்கிறீர்கள். ஃபேஷன் ஷோ போட்டோவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டையிங் லேப் ஓடுகிறதா அல்லது பூட்டிக் கிடக்கிறதா, சாயம் வெளிச்சத்தில் நிற்குமா என்று பார்க்கிற லைட் ஃபாஸ்ட்னஸ் மெஷின் இருக்கிறதா, வட்ட நிட்டிங் மெஷின் ஒன்றாவது சொந்தமாக இருக்கிறதா, இதையெல்லாம் நேரில் போய்ப் பாருங்கள். சேர்ந்தபின் முதல் லீவில் ஒரு கட்டிங் செக்‌ஷனில் நிற்கக் கேளுங்கள். தெரிந்த கம்பெனி எதுவும் இல்லையென்றால் கீழே எழுதுங்கள், அண்ணாவிடம் கேட்டுச் சொல்கிறேன். காலை 8.30-க்கு ஷிப்ட், துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டு வர வேண்டும், மெஷின் பக்கம் தொங்கக் கூடாது.