கூரை விளக்கும் சுவிட்ச் தராத பாதுகாப்பும்

கூரையில் புதிய விளக்கைப் பொருத்த முற்படும் பலர், சுவரிலுள்ள சுவிட்சை அணைத்த கையோடு ஏணியில் ஏறிவிடுகிறார்கள். எனக்கு எப்போதும் அச்சம் தருகிற பழக்கம் இது. சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும் என்பது உண்மை; ஆனால் கம்பிகள் இணையும் கூரைப் பெட்டியில் மின்சாரமே இல்லை என்பதற்கு அது சான்றாகாது.

முறையான வயரிங்கில் மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் கம்பி சுவிட்ச் வழியாகவும், அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி நேராகவும் விளக்கை அடையும். முன்பு வேலை செய்தவர் சுவிட்சைத் தவறுதலாக நியூட்ரலில் இணைத்திருந்தால், விளக்கு வழக்கம்போல் எரிந்து அணையும் என்பதால் யாருக்கும் ஐயம் எழாது. ஆனால் அணைந்திருக்கும் வேளையிலும் ஹோல்டரின் முனைகளில் முழு மின்னழுத்தம் நின்றுகொண்டிருக்கும். வேறு சில வீடுகளில் ஃபேஸ் முதலில் கூரைப் பெட்டிக்கே வந்து, அங்கிருந்து சுவிட்சுக்கு இறங்கி, மீண்டும் மேலேறுகிறது. அங்கே சுவிட்ச் சரியான கம்பியிலேயே இருந்தாலும் பெட்டிக்குள் ஒரு கம்பியில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஆகவே அந்தச் சுற்றுக்குரிய எம்.சி.பி.யையோ (மின்னோட்டம் அளவு மீறினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) மெயின் சுவிட்சையோ அணைத்து, வேறு யாரும் அதைப் போட்டுவிடாதபடி வீட்டிலுள்ளவர்களிடம் சொல்லிவிட்டே ஏற வேண்டும்.

கம்பியின் நிறமும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. இன்றைய சர்வதேச முறைப்படி பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த், அதாவது கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுசெல்லும் கம்பி. பிரிட்டனின் பழைய முறையில் கறுப்பு நியூட்ரலைக் குறித்தது. அமெரிக்காவிலோ கறுப்புதான் ஃபேஸ். எந்த முறையானாலும், நிறம் பாராமல் கையில் கிடைத்த கம்பியைப் பயன்படுத்தியவர் ஒருவர் இருந்திருக்கலாம். அதனால் கம்பிகளைத் தொடுவதற்கு முன் டெஸ்டரை மின்சாரம் இருக்கும் ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு கூரைக் கம்பிகள் ஒவ்வொன்றையும் சோதித்து, மறுபடியும் முதல் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இடையில் பழுதான டெஸ்டரும் மின்சாரம் இல்லையென்றே காட்டும்.

எம்.சி.பி. இருக்கும்போது அஞ்ச வேண்டியதில்லை என்று சிலர் வாதிடுவதுண்டு. 230 வோல்ட்டில் 10 வாட் எல்.இ.டி. விளக்கு ஏறத்தாழ 43 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தையே எடுக்கிறது. அதே அளவு மின்னோட்டம் உடலில் பாய்ந்தால் உயிர் போகலாம். 6 ஆம்பியர் எம்.சி.பி.யோ அதைச் சிறிதும் பொருட்படுத்தாது, ஏனெனில் அது கம்பி சூடேறாமல் காப்பதற்கான கருவி. மனிதரைக் காப்பதற்காக வைப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமாக இல்லாவிட்டால் அது துண்டிக்கும். ஆயினும் ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டு, மின்சாரம் தரைக்குக் கசியாமல் போனால், அந்தக் கருவிக்கு மனித உடலும் விளக்கும் ஒன்றே.

இதற்குப் பிறகு இணைப்பு வேலை எளிது. கனெக்டரில் ஒவ்வொரு கம்பியையும் முடுக்கிய பின் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். தளர்ந்த இணைப்பு சூடேறிக் கருகும். உலோக உடலுள்ள விளக்கில் எர்த் முனை இருந்தால் அதை வெறுமனே விடுவது பெரும் பிழை. திருகு வகை ஹோல்டரில் ஃபேஸ் நடு முனைக்கே வர வேண்டும். விளக்கின் எடையைக் கொக்கியோ தாங்கு தகடோ சுமக்க வேண்டும், மின்கம்பி அல்ல.

பொருத்தி முடித்த பிறகு, சுவிட்சை அணைத்தும் எல்.இ.டி. மங்கலாக ஒளிர்ந்தால் அதை அலட்சியம் செய்யக்கூடாது. சுவிட்சிலுள்ள சிறு காட்டி விளக்கும் அதற்குக் காரணமாகலாம். ஆனால் சுவிட்ச் நியூட்ரலில் இருப்பதும் ஒரு காரணம் என்பதால், எம்.சி.பி.யை அணைத்து, சுவிட்சுப் பெட்டியைத் திறந்து அங்கே வருவது எந்தக் கம்பியென்று பார்த்துவிட வேண்டும். கண்டறியத் தெரியாதவர்கள் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்கலாம்.