பில்பாவோவில் இறங்கி, டோனோஸ்தியாவில் சாப்பிட்டு

சித்திரை வெயிலில் கோட்டையூரை விட்டுக் கிளம்பியவள், மறுநாள் மத்தியானம் ஸ்பெயினில் இருக்கிற பில்பாவோ விமான நிலையத்துக்கு வெளியே சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன். தூறல். நம் பக்கம் தூறல் என்றால் பத்து நிமிடம் மண்ணை நனைத்துவிட்டுப் போய்விடும். அங்கே குடை பிடிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கவைக்கிற பொடித் தூறல் நாள் முழுக்க விழுகிறது. அதற்கென்றே 'சிரிமிரி' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்டதுமே எனக்குப் பிடித்துவிட்டது.

மகள் படிப்பது சான் செபாஸ்தியானில். அந்தப் பக்கத்து மக்கள் பேசுகிற பாஸ்க் மொழியில் அதே ஊருக்கு டோனோஸ்தியா என்று பெயர். அன்று அவளுக்குப் பரீட்சை, அழைத்துப்போக வர முடியவில்லை. "திருச்சியில இறங்கி காரைக்குடி வர்ற மாதிரிதான்மா, பயப்படாதீங்க" என்று போனில் சொன்னாள். தூரம் சரியாகத்தான் இருந்தது, கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர்.

பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்களுக்காக வழியைச் சொல்லிவிடுகிறேன். விமான நிலையம் வெள்ளை வெளேரென்று இறக்கை விரித்த மாதிரி இருக்கும். சாந்தியாகோ கலத்ராவா வடிவமைத்து 2000-ல் திறந்த கட்டடம். ஊர்க்காரர்கள் புறா என்றே சொல்கிறார்கள். வெளியே வந்ததும் பேருந்து நிற்கும் இடம். A3247 என்று போட்டு வருவது பில்பாவோ நகரத்துக்குள் போவது, அதில் ஏறிவிடாதீர்கள். டோனோஸ்தியாவுக்கு நேராகப் போகும் பேருந்து தனி. மணிக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிறது, ஒன்றேகால் மணி நேரப் பயணம். நான் ஐந்து நிமிடத்தில் ஒன்றைத் தவறவிட்டு, அடுத்ததற்குக் காத்திருந்தேன். வழியெல்லாம் பச்சை மலை, நடுநடுவே சுரங்கப்பாதை. கடைசியில் பூமிக்கு அடியில் இருக்கிற பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விடுவார்கள். மேலே ஏறினால் பக்கத்திலேயே ரயில் நிலையம், எதிரே உருமேயா ஆறு. மரியா கிறிஸ்தினா பாலத்தைக் கடந்து ஆற்றோரமாகவே நடந்தால் பழைய ஊர் வந்துவிடும். ஒண்டாரிபியாவில் 20 கிலோமீட்டரில் ஒரு சின்ன விமான நிலையமும் உண்டு. மாட்ரிட், பார்சிலோனாவிலிருந்து வருகிறவர்களுக்கு அது வசதி. நம்மைப் போல வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்குப் பில்பாவோதான் தோது.

இன்னொன்று. பிள்ளைக்கு ஆசையாக இருக்குமே என்று உப்புக்கண்டம் கட்டி எடுத்துப் போகாதீர்கள். இறைச்சியோ பாலோ சேர்ந்த பண்டங்களைப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. நான் எண்ணெயில் சுட்ட தேன்குழலும் சீப்புச் சீடையும்தான் எடுத்துப் போனேன்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். முதல் நாள் சாயங்காலமே மகள் பழைய ஊருக்குள் கூட்டிப்போனாள். சந்துக்குச் சந்து பார். பார் என்றதும் தயங்க வேண்டாம். கைக்குழந்தைக்காரர்கள், தாத்தா பாட்டிமார் எல்லாரும் வந்து நின்று சாப்பிடுகிற இடம் அது. குடிக்காதவர்கள் 'மோஸ்தோ' என்று கேட்டால் திராட்சைச் சாறு தருவார்கள், யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. மேடையில் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும் சின்னப் பண்டங்களுக்குப் பின்ச்சோ என்று பெயர். கண்ணுக்கு அழகாக இருக்கிறதே என்று அதிலேயே வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். அந்தந்தக் கடையின் கைப்பக்குவம் சூடாகச் செய்து தருவதில்தான் தெரிகிறது, அதைச் சுவரில் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். ஒரு கடையில் ஒன்றோ இரண்டோ சாப்பிட்டுவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்துவிட வேண்டும். பலகாரத்தில் இந்த வீட்டு ஆச்சிக்கு மாவுருண்டை, அந்த வீட்டு ஆச்சிக்கு மனகோலம் என்று நாம் சொல்வதில்லையா, அப்படித்தான். காசு கடைசியில் கொடுத்தால் போதும். எங்களைப் போல மாடும் பன்றியும் சாப்பிடாதவர்கள் வாகா (மாடு), தெர்னேரா (கன்று), ஹாமோன் (பன்றித் தொடை) என்ற மூன்று சொற்களைத் தெரிந்துகொண்டு போங்கள். மீனே அத்தனை வகை இருப்பதால் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

முதலில் வாயில் வைத்தது ஹில்டா. ஒரு குச்சியில் பச்சை ஆலிவ் காய், உப்பில் பக்குவப்படுத்திய நெத்திலி, காடியில் ஊறிய ஒல்லிப் பச்சை மிளகாய். அவ்வளவுதான். உப்பும் புளிப்பும் லேசான காரமும் ஒன்றாக ஏறும்போது, பழைய சோற்றுக்கு உப்பு நார்த்தங்காயைக் கடித்த நினைப்பு வந்தது. மேலே கருக வேகவைத்த சீஸ்கேக்குக்குப் பேர்போன லா வின்யா என்ற கடை, ஆகஸ்ட் 31 தெருவில் இருக்கிறது. 1813-ல் அந்தத் தேதியில்தான் போரில் ஊரே எரிந்தது. தப்பியது ஏறக்குறைய அந்த ஒரு தெருதான்.

என் மனதில் நின்றது பாகாலாவோ. உப்புப் போட்ட காட் மீன். ஒரு கடையில் சமையல்காரர் மண்சட்டியில் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்க்கவிட்டார். ஆலிவ் எண்ணெயில் பூண்டும் ஒரு வற்றல் மிளகாயும் வதக்கி எடுத்துவிட்டு, மீனை மெல்லிய சூட்டில் வைக்கிறார். பிறகு கரண்டியே போடாமல் சட்டியை இரண்டு கையாலும் பிடித்து வட்டமாக ஆட்டிக்கொண்டே இருக்கிறார். மீனின் தோலிலிருந்து இறங்குகிற பசையும் எண்ணெயும் சேர்ந்து, மாவு கரைத்து ஊற்றிய மாதிரி வெள்ளைக் குழம்பாகத் திரண்டுவிடுகிறது. மாவு, பால், முட்டை எதுவும் கிடையாது. நாற்பது வருடமாக அடுப்படியில் நிற்கிறேன், இப்படி ஒரு குழம்பை நான் பார்த்ததில்லை.

"மீனை எவ்வளவு நேரம் ஊறவைப்பீர்கள்?" என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். இரண்டு நாள், தண்ணீரை மாற்றி மாற்றி. இந்தக் கடலில் பிடித்ததா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையை ஆட்டினார். அந்தக் கடலில் காட் மீன் கிடைக்காதாம். 16-ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்க் மாலுமிகள் அட்லாண்டிக்கைத் தாண்டி நியூஃபவுண்ட்லாந்து வரைக்கும் போய், பிடித்த மீனுக்கு உப்புப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். தூரதேசத்து மீன்தான் அந்த ஊர் வீட்டுச் சமையலாகியிருக்கிறது.

எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் ஐயா கொண்டுவிற்கப் பர்மாவுக்குப் போனவர். அவரைப் போலப் போன செட்டிமார்கள் கொண்டுவந்ததுதான் கவுனி அரிசி. செட்டிநாட்டு மண்ணின் சொந்த அரிசி இல்லை. ஆனாலும் கவுனி அரிசி இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. முதல் நாள் ராத்திரியே அப்பத்தா கறுத்த அரிசியைக் களைந்து ஊறப்போடுவார்கள். ஊறிய தண்ணீரிலேயே வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்துக் கிண்டுவார்கள். அதுவரை ஐயாவின் கடிதம் வந்ததா என்று அவர்களிடம் யாரும் கேட்க மாட்டார்கள். போனவர்கள் எதைத் தின்று வாழ்ந்தார்களோ, அதை வீட்டில் இருந்தவர்களும் சமைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அந்த மண்சட்டிக்கு முன்னால் நிற்கும்போதுதான் எனக்குத் தோன்றியது. கண் கலங்கிவிட்டது. சமையல்காரர் பூண்டு நெடி என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டார். 'எஸ்கெரிக் அஸ்கோ' என்றேன். பாஸ்க்கில் நன்றி என்பதற்கு அதுதான் சொல், மகள் சொல்லிக்கொடுத்தது.

ஒரு வாரத்தில் நான்கு முறை அந்த மீனைச் சாப்பிட்டேன். திங்கட்கிழமை பழைய ஊரில் பல கடைகளுக்கு விடுமுறை என்பதால் அன்று மட்டும் வீட்டில் ரசம் வைத்துக்கொண்டோம்.

மகளுக்கு இப்போது லீவு. நாளைக் காலையில் திருச்சியில் இறங்குகிறாள். என்ன வேண்டும் என்று கேட்டதற்குக் கவுனி அரிசி என்றாள், இப்போதுதான் ஊறப்போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். புதுக்கோட்டை தாண்டியதும் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன், உடனே அடுப்பில் ஏற்றிவிடலாம்.