ஒரு பீத்துணியும் 60 நாள் கணக்கும்

பிப்ரவரி 14, 2024, புதன்

இன்று தடுப்பூசி நாள். பென்னாகரம் பக்கம் இருக்கும் எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு 11 குழந்தைகள் வந்தன. ஒன்பதாவதாக வந்தவள் ஜனவரி 2-ல் பிறந்தவள். முதல் பிரசவம் என்பதால் காவேரிப்பட்டணத்தில் தாய்வீட்டில் இருந்துவிட்டு முந்தாநாள்தான் திரும்பியிருக்கிறார்கள். இன்றோடு 43 நாள்.

மடியில் வாங்கியதும் கண்ணைப் பார்த்தேன். விழி மஞ்சளாக இருந்தது.

"பொறந்ததுல இருந்தே இருக்குதுங்க நர்சம்மா. பால் காமாலை, தானா போயிடும்னு அங்க ஒரு டாக்டர் சொன்னாரு. கீழாநெல்லி அரைச்சு அம்மாக்காரிக்குக் குடுத்துட்டு இருக்கோம்" என்றார் அப்பாவைப் பெற்ற பாட்டி.

தாய்ப்பால் காமாலை என்று ஒன்று உண்டு. சில வாரங்கள் நீளும், கெடுதல் செய்யாது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு வெளிக்குப் போவது நல்ல மஞ்சளாக இருக்கும், மூத்திரம் தண்ணீர் மாதிரி இருக்கும். பையில் பீத்துணி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பாட்டி கூச்சப்பட்டுக்கொண்டே எடுத்தார். சுண்ணாம்பில் களிமண்ணைக் குழைத்து அப்பியது போல இருந்தது. இன்னொரு துணியில் மூத்திரம் பட்ட இடமெல்லாம் மஞ்சள் கறை.

"பால் மட்டும் குடிக்கிற புள்ளைக்கு வெள்ளையாத்தானுங்க போவும்?" என்றார். இல்லை. மலத்துக்கு நிறம் தருவது கல்லீரலில் சுரக்கும் பித்தம். வெள்ளையாகப் போகிறது என்றால் பித்தம் குடலுக்கு வந்து சேரவில்லை.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கு போன் செய்தேன். தொடையில் போடும் ஊசியை இன்று நிறுத்தி வைக்கச் சொன்னார். பித்தம் இல்லாமல் வைட்டமின் கே உடம்பில் சேராது, அது இல்லாமல் ரத்தம் உறையாது. நாளைக்கே தருமபுரி.

இந்தப் பெண்ணோடு ஜனவரியில் மூன்று முறை போனில் பேசியிருக்கிறேன். பால் குடிக்கிறாளா, காய்ச்சல் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டேன். என்ன நிறத்தில் வெளிக்குப் போகிறாள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். ரத்தத்தில் பிலிரூபின், அதாவது காமாலைக்குக் காரணமான மஞ்சள் நிறமி, மொத்தம் 9.4. அதில் டைரக்ட், அதாவது கல்லீரல் பக்குவப்படுத்திப் பித்தத்தோடு வெளியேற்ற வேண்டியது, மட்டும் 6.2. பிறந்த குழந்தைகளுக்குச் சாதாரணமாக வரும் காமாலையில் கல்லீரல் இன்னும் பக்குவப்படுத்தாத இன்டைரக்ட்தான் ஏறும், வெயிலும் நீல விளக்கும் பேசப்படுவது அதற்குத்தான். டைரக்ட் 1-ஐத் தாண்டினாலே அது நோய். எத்தனை நாள் வெயிலில் காட்டினாலும் இறங்காது.

முதலில் வைட்டமின் கே போட்டார்கள். அப்புறம் ஸ்கேன். பித்தப்பை நிறைந்திருந்தால்தான் தெரியும் என்பதால் நான்கு மணி நேரம் பால் கொடுக்கக் கூடாது. அந்த நான்கு மணி நேரம் அவள் அழுத அழுகையைக் கேட்டு அம்மாவுக்குப் பால் கட்டிச் சட்டை நனைந்துவிட்டது. பித்தப்பை இருக்க வேண்டிய இடத்தில் சுருங்கிய நூல் மாதிரி ஏதோ தெரிந்தது. பித்தநாள அடைப்பாக இருக்கலாம், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு உடனே போங்கள் என்றார்கள்.

பிப்ரவரி 16, வெள்ளி

பெங்களூரில் கட்டட வேலையில் இருந்த அப்பா வந்துவிட்டார். வீட்டில் பெரிய பேச்சு. ஒன்பது நாள் மந்திரித்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் பாட்டி. அவரைக் குறை சொல்ல மாட்டேன், பேத்தி வயிற்றில் கத்தி படும் என்ற பயம் அது. சுவரில் தொங்கிய காலண்டரை எடுத்து மார்ச் 2-ஐ வட்டமிட்டேன். "அம்மா, அன்னைக்குப் பாப்பாவுக்கு 60 நாள். வெளியேற வழியில்லாத பித்தம் கல்லீரலைத் தினமும் தழும்பாக்கிட்டு இருக்கு. அறுபதுக்குள்ள ஆபரேஷன் பண்ணினா பித்தம் இறங்க வாய்ப்பு அதிகம். ஒன்பது நாளை நாம எங்கிருந்து எடுப்போம்?"

பாட்டி ரொம்ப நேரம் காலண்டரையே பார்த்தார். பிறகு தன் சேலை ஒன்றை மடித்துப் பையில் வைத்தார். அவரும் போகிறார்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. மொரப்பூரில் இரவு ரயில்.

பிப்ரவரி 22, வியாழன்

தினமும் போன். தைராய்டு, தொற்று, மூத்திரத்தில் சர்க்கரை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வருகிறார்களாம். இவற்றில் சில மருந்தாலோ பாலை மாற்றினாலோ சரியாகக்கூடியவை, அதனால் பார்க்காமல் விட முடியாது. எனக்கோ நாள் எண்ணுவதைத் தவிர வேறு வேலை ஓடவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

55-ம் நாள். இன்று ஆபரேஷன். வயிற்றைத் திறந்து, பித்தப்பையில் சாயம் செலுத்திப் படம் எடுத்திருக்கிறார்கள். சாயம் போக வழியே இல்லை. கல்லீரலுக்கு வெளியே பித்தக்குழாய் நாராக இறுகிக் கிடந்திருக்கிறது. அந்த நாரைக் கல்லீரலின் வாசல் வரைக்கும் வெட்டி எடுத்துவிட்டு, சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே இழுத்து அங்கேயே தைத்திருக்கிறார்கள். கல்லீரலின் வாசலில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்கள் மிச்சமிருந்தால் அவற்றின் வழியே பித்தம் நேராகக் குடலில் இறங்கும். ஜப்பானில் மோரியோ கசாய் என்ற அறுவை மருத்துவர் 1950-களில் கண்ட வழி இது. கசாய் ஆபரேஷன் என்றே பெயர்.

இறங்குமா என்பது இனிமேல்தான் தெரியும்.

மார்ச் 4, திங்கள்

காலை 6.10-க்கு அப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். துணியில் பச்சை கலந்த மஞ்சள். கீழே எழுத்தே இல்லை. உடனே கூப்பிட்டேன். "சிஸ்டர், பாத்தீங்களா" என்றார், அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

மார்ச் 20, புதன்

ஊருக்கு வந்துவிட்டார்கள். வயிற்றில் குறுக்கே நீளமாகத் தழும்பு. கண்ணில் மஞ்சள் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. பித்தம் ஓட உதவும் அர்சோ மருந்து, ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள், தொற்று வராமல் இருக்க ஆன்டிபயாட்டிக். எதை எப்போது கொடுப்பது என்று பாட்டிதான் ஒப்பிக்கிறார். காய்ச்சல் வந்தால் வீட்டில் பாரசிட்டமால் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. குடலிலிருந்து கிருமி பித்த வழியில் ஏறியிருக்கலாம்.

"மறுபடியும் வெளுத்துட்டா என்னங்க பண்றது?" என்று அம்மா கேட்டாள். மறைக்கவில்லை. இந்த ஆபரேஷன் நன்றாக நடந்த பிள்ளைகளிலும் பலருக்குப் பின்னால் கல்லீரல் மாற்று தேவைப்படுகிறது. பெற்றவர் கல்லீரலில் ஒரு துண்டு போதும், கொடுத்தவருக்கு அது வளர்ந்துவிடும். இதே நோயோடு பிறந்த காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு 1998-ல் டெல்லியில் அவன் அப்பாவின் கல்லீரலிலிருந்து எடுத்து வைத்தார்கள், அவன் இன்று டாக்டர் என்றேன். அப்பா தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஊசி போடலாம் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்தது. தொடையில் போட்டுவிட்டுப் பஞ்சை அழுத்தி, கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடம் பிடித்திருந்தேன். எடுத்தேன். கசியவில்லை. எடை 4 கிலோ 100 கிராம். அடுத்த ஊசி ஏப்ரல் 17. அன்றைக்குத் துணியும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.