கமாண்டு தெரிந்தால் மட்டும் போதுமா? ஆட்டோகேட் படித்து வேலைக்குப் போன அனுபவம்

எங்கள் பக்கத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு பேச உட்கார்ந்தால், "அக்கா, மூணு மாசம் ஆட்டோகேட் படிச்சா வேலை கிடைக்குமா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். ஆட்டோகேட் என்பது கட்டடப் படங்களைக் கணினியில் வரையும் மென்பொருள். நான் வடசென்னையில் கொருக்குப்பேட்டையில் வளர்ந்தவள். பெரம்பூரில் ஒரு தனியார் மையத்தில் ஆட்டோகேட் படித்து, இப்போது கொளத்தூரில் ஒரு சிவில் இன்ஜினியரிடம் டிராஃப்டிங், அதாவது கட்டட வரைபடம் போடும் வேலை பார்க்கிறேன். அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல என்னால் முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வழிகள். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் இருக்கிறது, இரண்டு ஆண்டுப் படிப்பு. அரசு ஐடிஐ என்றால் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ சிவில் என்றால் மூன்று ஆண்டு. தனியார் மையத்தில் சில மாதங்களில் முடிந்துவிடும், ஆனால் கைக்காசு போகும். நான் பிளஸ் டூவில் வணிகவியல். வீட்டு நிலைமைக்கு இரண்டு ஆண்டு காத்திருக்க முடியவில்லை, அதனால் தனியார் மையம். யாராவது என்னிடம் யோசனை கேட்டால் ஐடிஐயைத்தான் சொல்வேன். அங்கே கையால் வரையவும், கட்டுமானம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளவும் நேரம் கொடுக்கிறார்கள்.

மையத்தில் சொல்லிக்கொடுத்தது மென்பொருளைத்தான். லைன், ஆஃப்செட், டிரிம், ஃபில்லெட், லேயர், பிளாக் என்று வரைவதற்கான கமாண்டுகள் எல்லாம் பழகப் பழகக் கைக்கு வந்துவிட்டன. பயிற்சிக்குத் தருவது அளவெல்லாம் குறித்த ரெடிமேட் பிளான், அதைப் பார்த்து அப்படியே வரைய வேண்டும். நூறு சதவீதம் வேலை என்று வாசலில் எழுதியிருந்தார்கள். படிப்பு முடிந்ததும் கிடைத்தது நாலைந்து போன் நம்பர்கள். என்னோடு படித்த பிள்ளைகளில் பலர் வீட்டில் நகையை அடகு வைத்துச் சேர்ந்தவர்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

எனக்குத் திருப்பம் என் மாமாவால் வந்தது. அம்மாவின் தம்பி, கட்டட மேஸ்திரி. நான் எடுத்துவந்த பிரிண்டை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கோடெல்லாம் சுத்தமா இருக்கு பாப்பா. இந்த ஜன்னலுக்கு மேல லிண்டல் எந்த மட்டத்துல வருது?" என்றார். லிண்டல் என்பது ஜன்னல், கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் உத்தரம். மேலிருந்து பார்க்கும் பிளானில் அது தெரியாது, வீட்டை நெடுக வெட்டிக் காட்டும் செக்ஷன் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். "ஆயா வீட்டை அளந்து போடேன். நான் டேப் பிடிக்கிறேன்" என்றார்.

ஆயா வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். முகப்பு 14 அடிதான், உள்ளே நீண்டுகொண்டே போகும். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர், ஜன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சமும் காற்றும் நடுவில் விட்ட சின்ன முற்றம் வழியாகத்தான் வரவேண்டும். பழைய வீட்டில் எந்த மூலையும் சரியான மூலமட்டத்தில், அதாவது 90 டிகிரியில், இருக்காது. நாலு பக்கத்தை மட்டும் அளந்து செவ்வகம் போட்டால் அடுத்த அறை ஒட்டாது. அதனால் ஒவ்வொரு அறைக்கும் நாலு பக்கத்தோடு ஒரு குறுக்களவும் எடுத்தோம், இரண்டாவது குறுக்களவு சரிபார்க்க. திரையில் முதல் சுவரை வரைந்து, அதன் ஒரு முனையிலிருந்து பக்கச் சுவரின் நீளத்துக்கு ஒரு வட்டம், மறு முனையிலிருந்து குறுக்களவுக்கு ஒரு வட்டம். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் அறையின் மூன்றாவது மூலை. நாலாவது மூலையும் இதே வழிதான். சுவரின் கனத்தைக் கதவு நிலை இருக்கும் இடத்தில் அளந்தோம். மாமாவுக்கு அது ஒன்பது இன்ச், எனக்கு 230 மில்லிமீட்டர்.

மாடிக்குப் போகும் படி பிற்காலத்தில் கட்டியது. தளத்திலிருந்து தளத்துக்கு 3000 மில்லிமீட்டர், படி உயரம் 150, ஆக 20 ஏற்றம். நடுவில் திரும்புகிற படி என்பதால் பக்கத்துக்குப் பத்து. ஆனால் மிதிக்கிற படி ஒன்பதுதான், பத்தாவது ஏற்றம் திருப்பத்தில் உள்ள மேடையில் (லேண்டிங்) போய் முடிந்துவிடும். மிதிபடி 250 என்றால் நீளம் 2250. மாமா இந்தக் கணக்கைச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டே முடித்துவிடுவார். அதை அவர் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் எனக்குப் படிக்கட்டு வரைவதில் பயமே போனது.

செக்ஷனில்தான் எனக்கு மனசு கனத்தது. தெரு மட்டத்தைப் பூஜ்யம் என்று வைத்தோம். கூடத்துத் தரை மைனஸ் 300 என்று வந்தது, அதாவது தெருவைவிட 300 மில்லிமீட்டர் கீழே. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டுக்கொண்டே போனதில், வீட்டைவிடத் தெரு உயர்ந்துவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் ஆயா வாசலில் மணல் மூட்டை அடுக்குவது ஏன் என்பதை அந்த ஒரு எண் சொல்லிவிட்டது. புது வீட்டுக்கு பேஸ்மட்டத்தை, அதாவது தரையின் உயரத்தை, எங்கே நிறுத்துவது என்று இன்று அலுவலகத்தில் பேச்சு வந்தால், முதலில் தெரு மட்டம் எடுத்தாயிற்றா என்றுதான் கேட்பேன்.

பிரிண்ட் எடுப்பது தனிப் பாடம், அதை மையத்தில் அவசரமாக முடித்துவிட்டார்கள். மாடலில், அதாவது திரையில் வரையும் இடத்தில், எல்லாம் நிஜ அளவு, தாளில்தான் 1:100, நூறில் ஒரு பங்கு. தாளில் எழுத்து 2.5 மில்லிமீட்டர் வரவேண்டும் என்றால், நேரடியாக மாடலில் எழுதும்போது 250 உயரம் கொடுக்க வேண்டும். வெட்டுப்படுகிற சுவருக்குத் தடித்த கோடு, தள்ளித் தெரிவதற்கு மெல்லிய கோடு. இது இல்லாத டிராயிங்கை கொத்தனாரால் படிக்கவே முடியாது.

மென்பொருள் விலை பற்றியும் கேட்கிறார்கள். அங்கீகாரம் உள்ள கல்வி நிறுவனத்தில் படிப்பவர்களுக்கு ஆட்டோகேடைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் ஓராண்டு உரிமத்தை இலவசமாகத் தருகிறது, படிக்கும்வரை புதுப்பிக்கலாம். மற்றவர்கள் கோடு பழக லிப்ரேகேட் என்ற மென்பொருள் போதும், அது எல்லோருக்கும் இலவசம்.

வேலைக்குப் போன இடத்தில் சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டார்கள். கையால் போட்ட ஒரு ஸ்கெட்ச்சைக் கொடுத்து பிளான், செக்ஷன், எலிவேஷன் (வெளித்தோற்றம்) போடச் சொன்னார்கள். கூடவே ஆயா வீட்டு டிராயிங்கை நீட்டினேன். இன்ஜினியர் சார் அதில் அந்த மைனஸ் 300ஐப் பார்த்து, "இதை நீயே அளந்தியாம்மா?" என்று கேட்டார். அதன் பிறகு பேச்சு முழுக்க அந்த வீட்டைப் பற்றித்தான்.

இப்போது பெரும்பாலும் அனுமதி வரைபடங்கள்தான் என் வேலை. தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலியிடம் எவ்வளவு விட வேண்டும், மொத்தப் பரப்பு எவ்வளவு வரலாம் என்று பார்த்து வரைய வேண்டும். 2024 ஜூலையில் சுயசான்று முறை, அதாவது விதிப்படிதான் கட்டுகிறோம் என்று விண்ணப்பிப்பவரே உறுதி சொல்லும் முறை வந்தது. 2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு தளமோ என்றால் ஆன்லைனில் உடனே அனுமதி. சின்ன மனைக்காரர்களும் முறையான டிராயிங்கோடு வருவதற்கு இது நல்ல வழி.

வேலை தேடுகிறவர்கள் உங்கள் வீட்டையோ சொந்தக்காரர் வீட்டையோ முழு செட்டாக வரைந்து, ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்துக் கையோடு கொண்டு போங்கள். பிளான், இரண்டு செக்ஷன், எலிவேஷன், கதவு ஜன்னல் அட்டவணை. செக்ஷன்களில் ஒன்று கட்டாயம் படிக்கட்டு வழியாக வெட்டியதாக இருக்கட்டும், அதைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பார்கள்.