செயின் ஏன் தாண்டுகிறது?

என் கியர் சைக்கிளுக்குப் புதுச் செயின் மாட்டிய மறுநாள், சேலத்தில் ஒரு மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்தபோது, வலது மிதி பிடிமானமே இல்லாமல் கீழே இறங்கி, ‘கடக்’கென்ற அதிர்வுடன் நின்றது. நான் நிலைதடுமாறியதில் முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. பழைய செயினில் ஒருமுறைகூட இப்படி நடந்ததில்லை. கடையில் காட்டியபோது ஃப்ரீவீல் (மிதிக்காதபோதும் பின்சக்கரத்தை உருளவிடும் பகுதி) போய்விட்டது, ஹப்போடு, அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியோடு, மாற்ற வேண்டும் என்றார்கள்.

அதற்குச் செலவழிக்கும் முன் என்னைத் தயங்க வைத்தது ஏற்காட்டுப் பாதை. அந்த வாரம்தான் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இதே சைக்கிளில் ஏறியிருந்தேன். இருப்பதிலேயே கடுமையான மிதிப்பு அதுதான் என்றாலும் செயின் ஒருமுறைகூட வழுக்கவில்லை. பின்னாலுள்ள 8 பற்சக்கரங்களும் ஒரே ஃப்ரீவீலின் மீதுதான் அமர்ந்திருக்கின்றன. அதன் உள்ளே பிடிக்க வேண்டிய சிறு கொக்கிகள் பிடிக்கவில்லை என்றால், எந்தக் கியரில் போட்டாலும் மிதி வழுக்க வேண்டும். மலையில் நான் ஓட்டியது 28, 32 பற்கள் கொண்ட பெரிய சக்கரங்களில்; மேம்பாலத்திலோ அன்றாடம் ஓட்டும் 15 பல் சக்கரத்தில்.

வீட்டில் முன்சக்கரத்தைச் சுவரில் முட்டுக்கொடுத்து, தம்பியைப் பின் பிரேக்கைப் பிடித்தபடி மிதியை அழுத்தச் சொல்லிவிட்டு, நான் குனிந்து பார்த்தேன். 28 பல் சக்கரத்தில் செயினின் உருளைகள் பள்ளத்தில் பதிந்து நின்றன. 15 பல் சக்கரத்தில் அவை பல்லின் சரிவில் மெல்ல மேலேறி, நுனியைத் தொட்டவுடன் அடுத்த பல்லுக்குத் தாவின. பற்களைத் துடைத்துப் பார்த்தால், அரிவாள் நுனிபோல ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தன.

தூக்கிப்போடாமல் வைத்திருந்த பழைய செயினை ஆணியில் தொங்கவிட்டு இரும்பு ஸ்கேலால் அளந்தேன். இணைப்புகளைக் கோக்கும் ஒரு பின்னிலிருந்து (pin) அடுத்த பின்னுக்கு அரை அங்குலம் என்பதால், 24 இணைப்புகள் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். என்னுடையது 1/8 அங்குலம் கூடுதலாக இருந்தது. செயின் நீண்டுவிட்டது என்கிறோம், ஆனால் இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு பின்னும் அது உராயும் இடமும் சிறிது சிறிதாகத் தேய்ந்து, அந்த இடைவெளிகள் எல்லாம் சேர்ந்துதான் நீளமாகின்றன. நீண்ட செயினுக்கு ஏற்ப அந்தப் பற்களும் தேய்ந்திருந்ததால் அவை இரண்டும் பொருந்தி ஓடின. சரியான அளவுள்ள புதுச் செயின் அவற்றில் அமர மறுத்தது. 1/16 அங்குலம் கூடியபோதே மாற்றியிருந்தால் பற்சக்கரங்கள் தப்பியிருக்கும். (வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலைச் செயினுக்கு விடும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள், அதிலுள்ள உலோகத் துகளும் அதில் ஒட்டும் மண்ணும் சேர்ந்து பின்களை அரம்போல் ராவுகின்றன.)

பின்னாலுள்ள பற்சக்கரத் தொகுப்பான கேசட்டை மாற்றியதும் வழுக்கல் நின்றது. ஆனால் ஒரு ‘டிக்’ சத்தம் மிஞ்சியது.

சத்தத்தைக் காதால் தேடுவதைவிட எண்ணித் தேடுவது நல்லது, ஏனென்றால் இரும்புச் சட்டம் ஓரிடத்துச் சத்தத்தை வேறிடத்திலிருந்து வருவதுபோல் காட்டிவிடும். மிதிக்காமல் உருளும்போதும் கேட்டால் அது சக்கரத்துக்கு உரியது. எழுந்து நின்றதும் மறைந்தால் சீட்டையும் அதன் தண்டையும் பாருங்கள். மிதியின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை என்றால் மிதி, அதைத் தாங்கும் கையான கிராங்க், அவற்றின் நடு அச்சு ஆகியவற்றில் ஒன்று. ஒற்றைக் காலால் மிதித்தால் எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும். இடது மிதியின் மரை தலைகீழானது என்பதை மறந்து தவறான பக்கம் திருகிவிடாதீர்கள்.

என் ‘டிக்’ மூன்று சுற்றுக்கு ஒருமுறை வந்தது. மிதியோடு சுற்றும் முன் பற்சக்கரத்தில் 38 பற்கள், செயினில் 114 இணைப்புகள்: மூன்று சுற்றில் செயின் முழுதாக ஒருமுறை சுற்றி வருகிறது. ஆகவே கோளாறு ஒரே ஓர் இணைப்பில்தான் இருக்க வேண்டும். மிதியை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றியபோது, கியர் மாற்றியின் கீழ்ச் சக்கரத்தைக் கடக்கையில் ஓர் இணைப்பு மடங்காமல் விறைத்து நின்று, அதன் கையையே துள்ள வைத்தது. செயினைப் பூட்டும்போது நான் பின்னைச் சற்று அதிகமாக அழுத்தியிருந்த இடம் அது. இரு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் இருமுறை வளைத்ததும் இளகியது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். மறுநாள் மேம்பாலத்தில் டயரின் சத்தம் மட்டுமே கேட்டது.