இருகூர் முதல் போத்தனூர் வரை, 12 வோல்ட்டில்

ஜூன் 8, 2024, சனி

மொட்டை மாடி அறையில் மாதிரி ரயில் ஓட்ட மேசை தயார். 12 அடி நீளம், 4 அடி அகலம். மாதிரிக்கு எடுத்துக்கொண்டது நம் கோவைப் பாதையைத்தான். இருகூரில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பீளமேடு, வடகோவை, கோவை ஜங்ஷன் என்று வளைந்து வருகிறது, மற்றது குறுக்கே போகிறது, இரண்டும் போத்தனூரில் சேர்கின்றன. பார்வைக்கு வளையம். பிளஸ் ஓடும் தண்டவாளம் மைனஸ் ஓடுவதைத் தொட்டு ஷார்ட் ஆகுமோ என்று, ஒன்றைச் சிவப்பும் மற்றதை நீலமுமாகத் தாளில் வரைந்து பார்த்தேன். எந்த வழியில் வந்தாலும் சிவப்பு சிவப்போடுதான் சேர்கிறது. பயமில்லை.

(நம் அகலப் பாதையில் தண்டவாள இடைவெளி 1676 மில்லிமீட்டர். மாதிரி வண்டியின் அளவுக்கு, 87ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 19க்கு மேல் வர வேண்டும். நான் போட்டிருப்பது 16.5. கணக்குப் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.)

முப்பது வருடமாகப் பம்ப் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவனுக்கு 12 வோல்ட் ஒரு வேலையா? வண்டியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கண்ட்ரோலரிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து இருகூரில் பற்றவைத்தேன். முடிந்தது.

ஜூன் 9, ஞாயிறு

முடியவில்லை. இருகூரில் துள்ளிக் கிளம்பும் வண்டி போத்தனூரை நெருங்கும்போது தவழ்கிறது. "அப்பிச்சி, வண்டிக்கு மூச்சு வாங்குகிறது" என்றாள் பேத்தி. வண்டியை எடுத்துவிட்டு மீட்டரை வைத்தேன். இருகூரில் 12, போத்தனூரிலும் 12. அப்படியென்றால் எஞ்சின்தான் குற்றவாளி என்று அதைப் பிரித்து, பல்சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, திரும்ப மூடினேன். தவழ்தல் தொடர்ந்தது.

ஜூன் 12, புதன்

அன்னூர்ப் பக்கத்திலிருந்து பட்டறைக்குக் கருகிய மோட்டார் ஒன்று வந்தது. கரண்ட் லைனின் கடைசித் தோட்டம். "காலையில் மீட்டரில் சரியாகத்தானுங்க காட்டியது" என்றார் தோட்டக்காரர். "மோட்டார் ஓடும்போது பார்த்தீர்களா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கே சுருக்கென்றது.

ராத்திரி மேலே போய், வண்டியை ஓடவிட்டுப் போத்தனூரில் மீட்டரை வைத்தேன். 8.4 வோல்ட். கரண்ட் ஓடாத ஒயரில் வோல்டேஜ் குறையாது. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு தண்டவாளத் துண்டையும் அடுத்ததோடு சேர்க்கும் மெல்லிய தகட்டை நம்பிக் கரண்டை அனுப்பியிருக்கிறேன். தளர்ந்த இணைப்பு ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. தோட்டத்து மோட்டார் என்றால் வோல்டேஜ் குறையக் குறைய ஆம்பியரை அதிகம் இழுத்துக் கருகும். வண்டிக்குள் இருக்கும் இந்தக் காந்த மோட்டார் சாது, வேகத்தைக் குறைத்துக்கொள்வதோடு சரி.

ஜூன் 15, சனி

மேசைக்கடியில் ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயர் இரண்டு, நீளவாக்கில். ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.012 ஓம்தான். கடைசி வரை போக 4 மீட்டர், வர 4 மீட்டர் என்றாலும் 1 ஆம்பியருக்கு இழப்பு 0.1 வோல்ட். அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மெல்லிய ஒயர் ஏற்றினேன். சாலிடரிங் அயர்ன் கொஞ்சம் தாமதித்தாலும் பிளாஸ்டிக் கட்டைகள் உருகிவிடுகின்றன. ஈரத்துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பட்டறையில் மிச்சமிருந்த மஞ்சள் ஒயரையே இரண்டு பக்கத்துக்கும் போட்டுவிட்டு, எது எதுவென்று தெரியாமல் முழங்காலில் தவழ்ந்ததை எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். போத்தனூரில் இப்போது 11.7.

ஜூன் 23, ஞாயிறு

பேத்திக்கு வண்டி தானாகத் திரும்பி வர வேண்டும். போத்தனூருக்கு அப்பால் வளையம் போட்டு அதற்குப் பாலக்காடு என்று பெயர் வைத்தோம். இங்கேதான் நிஜமான ஷார்ட். சுற்றித் திரும்பும் பாதையில் சிவப்பு நீலத்தோடு வந்து முட்டுகிறது.

வளையத்தின் இரண்டு வாயிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டி, பிளாஸ்டிக் இணைப்பு போட்டேன். பாலக்காட்டுக்குக் கண்ட்ரோலரிலிருந்து நேராகக் கரண்ட். மெயின் லைனுக்கு மட்டும் ஆறு முனை டாகிள் சுவிட்ச், குறுக்கு இணைப்போடு. வண்டி முழுவதும் பாலக்காட்டுக்குள் போனதும் சுவிட்சைத் தட்டினால் வெளியே பிளஸ் மைனஸ் இடம் மாறும். வண்டி நிற்காமல் வந்துவிடும். முதல் தடவை கண்ட்ரோலர் டிரிப் ஆனது. எட்டுப் பெட்டி கோத்திருந்தோம். கடைசிப் பெட்டியின் இரும்புச் சக்கரம் வெட்டின் மேல் நின்று இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிட்டது. இரண்டு பெட்டியைக் கழற்றினேன். பேத்திக்கு வருத்தம்.

ஜூன் 29, சனி

வண்டியைத் தடம் மாற்றும் பாயிண்டைத் தள்ள இரட்டைக் காயில் மோட்டார். பொத்தானைத் தொட்டு விட்டுவிட வேண்டும்; பிடித்துக்கொண்டே இருந்தால் காயில் எரியும். மாப்பிள்ளை அழுத்திய விரலை எடுக்காமல் தேங்காய் விலை பேசிக்கொண்டிருந்தார். வாசனை வந்த பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

கரண்டைச் சேர்த்துவைக்கும் 4700 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் ஒன்றை ரெசிஸ்டர் வழியாக நிரப்பும்படி வைத்துவிட்டேன். அழுத்தியதும் மொத்தச் சார்ஜும் ஒரே உதையாகப் போகும். விரல் அங்கேயே இருந்தாலும் ரெசிஸ்டர் விடுகிற சொற்பக் கரண்ட்தான் காயிலுக்குக் கிடைக்கும். எரிந்த காயிலைப் பிரித்துச் சுற்றுகளை எண்ணி, அதே கனத்தில் ஒயர் தேடி நானே சுற்றினேன். மாப்பிள்ளையிடம் வைண்டிங் கூலி கேட்க முடியாது.